பதினான்கு நாள் சுவரைத் தொடக் கூடாது

பரஞ்சோதிக்கு அறுபத்தொரு வயது. இந்த அறுபத்தொரு வருடத்தில் கெட்டுப்போன எதையும் கெட்டபடியே விட்டுவிட்டு அவர் நகர்ந்ததில்லை. பக்கத்து வீட்டுக் கேட் கிறீச்சிட்டால் இவருக்குச் சோறு இறங்காது. கோயிலுக்குப் போனால் சாமியை ஒரு நிமிடம் பார்ப்பார், மேலே ஆடிக்கொண்டு சுற்றும் மின்விசிறியைப் பத்து நிமிடம் பார்ப்பார். கல்யாணப் பந்தியிலிருந்து கை கழுவப் போனவர் அரை மணி நேரமாகத் திரும்பவில்லை என்றாலும் தேவகி பதற மாட்டாள். "அங்க பைப்பு ஒழுகுது போல" என்று சொல்லிவிட்டுத் தன் பாயசத்தைக் குடித்து முடிப்பாள்.

பிறந்தது குருண் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். பதினேழு வயதில் தோட்டத்து ஃபேக்டரியில் ஃபிட்டருக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுக்கப் போனவர், இருபத்தைந்தில் தானே ஃபிட்டரானார். தோட்டம் கைமாறி ஆட்களை அனுப்பியபோது கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் வேலை கிடைத்தது. அங்கே இருபத்தைந்து வருடம். அந்தத் தொழிற்சாலை செய்யும் சிப் எதற்குப் பயன்படுகிறது என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. ஆனால் அந்தக் கட்டடத்தில் எந்தக் குழாய் எங்கே வளைகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். ஒரே மகன் ஜொகூரில் குடும்பத்தோடு இருக்கிறான். இங்கே இவரும் தேவகியும் மட்டும்.

இப்படிப்பட்ட ஆளைப் பார்த்து, பதினான்கு நாள் ஒரு சுவரைத் தொடாதே என்று சொன்னால் எப்படி இருக்கும்? சொன்னார்கள். சொன்னது ஒரு வக்கீல். ஆனால் அந்தக் கதைக்குப் போகுமுன் சுவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

பணி ஓய்வு பெற்ற வருடம் அவர்கள் இருந்த வாடகை வீட்டை அதன் சொந்தக்காரர் விற்றுவிட்டார். அவசரத்துக்குக் கூலிம் பட்டணத்தில் ஓர் அடுக்குமாடி வீட்டை வாடகைக்கு எடுத்தார்கள். மூன்றாவது மாடி. வீட்டுக்காரர் நூர்தீன், கடைத்தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். பரஞ்சோதியைவிட மூன்று வயது மூத்தவர், நல்ல மனிதர், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். இரண்டு வருட ஒப்பந்தம். பதினொரு பக்கத்தில் பரஞ்சோதி கவனமாகப் படித்தது ஒரே வரியை. சுவரில் துளை போடக் கூடாது, சுவரை உடைக்கக் கூடாது. படித்ததைச் சத்தியம் செய்த மாதிரி மனதில் போட்டுக்கொண்டார்.

மூன்றாவது மாதம் படுக்கையறைச் சுவரில், குளியலறையை ஒட்டிய பக்கம், உள்ளங்கை அளவுக்கு ஈரம் தெரிந்தது. பரஞ்சோதி காதை வைத்துக் கேட்டார். முட்டியால் தட்டினார். "உள்ளுக்குள்ள போற பைப்பு கசியுது. இந்த இடம்தான்" என்று பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். சுவரை உடைத்துக் குழாயை மாற்றினால் ஒரு நாள் வேலை. உடைப்பதற்கு வீட்டுக்காரர் சம்மதிக்க வேண்டும். நூர்தீனிடம் சொன்னார். "அந்தப் பக்கம் டைல்ஸ் ஒட்டியிருக்கு தம்பி. அந்த டிசைன் இப்ப கெடைக்காது. எதுக்கும் வந்து பாத்துட்டுச் சொல்றேன்லா" என்றார் நூர்தீன்.

அவர் வந்து பார்க்க ஆறு வாரம் ஆனது. ஆறு வாரம் ஈரச் சுவரைப் பார்த்துக்கொண்டு பரஞ்சோதி சும்மா இருப்பாரா? சுரண்டினார், பிளீச் போட்டுக் கழுவினார், மூன்று நாள் மின்காற்றாடி வைத்துக் காய வைத்தார், ஈரம் தாங்கும் பெயிண்டை இரண்டு கோட்டிங் அடித்தார். நூர்தீன் வந்தபோது சுவர் புதுமணப்பெண் மாதிரி நின்றது. "எங்கப்பா ஒழுகுது?" என்று கேட்டார். பரஞ்சோதி கொஞ்சம் பெருமையோடுதான், "நான் சரி பண்ணிட்டேன்ண்ணே, ஆனா உள்ள கசியுது" என்றார். முன்பாதி நூர்தீனின் காதில் நன்றாக விழுந்தது. பின்பாதி விழவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஈரம் திரும்பி வந்தது, கூடவே கறுப்புப் பூஞ்சணத்தையும் கூட்டிக்கொண்டு. மறுபடி சுரண்டல், மறுபடி பெயிண்ட். நூர்தீன் மறுபடி ஒருநாள் வந்து வெள்ளைச் சுவரைப் பார்த்துவிட்டு, ஒரு கிளாஸ் மைலோ குடித்துவிட்டுப் போனார். எட்டு மாதத்தில் ஐந்து முறை அந்தச் சுவருக்குப் பெயிண்ட் அடித்தார் பரஞ்சோதி. ஒவ்வொரு முறையும் முடிந்ததும் இரண்டு அடி பின்னால் நகர்ந்து, தலையைச் சாய்த்து, "பாரு தேவகி, எப்படி?" என்பார். "ரொம்ப நல்லா இருக்குங்க" என்பாள் தேவகி.

தேவகிக்குச் சிறு வயதில் இழுப்பு இருந்தது. கல்யாணத்துக்குப் பிறகு அது இருந்த இடம் தெரியவில்லை. இந்த வீட்டுக்கு வந்த ஐந்தாவது மாதம் அது முகவரி கேட்டுக்கொண்டு வந்துவிட்டது. முதலில் அடுக்களையில் தாளிக்கும்போது இருமினாள். பிறகு படியேறும்போது இரண்டாவது மாடியில் நின்று, பையில் எதையோ தேடுகிறவள் போல நேரம் கடத்தினாள். படுக்கையைக் கூடத்துக்கு மாற்றினார்கள். அக்டோபர் மாதம் ஒரு காலை, துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்து, ஒரு வாய் காற்றுக்காகத் தோளைத் தூக்கித் தூக்கி இறக்கினாள். பரஞ்சோதி அவளைக் காடியில் ஏற்றி எப்படி ஓட்டிப் போனார் என்று அவருக்கே தெரியாது.

மருத்துவமனையில் ஆவி பிடிக்க வைத்து, ஊசி போட்டு, மூச்சைச் சமனாக்கிய பிறகு டாக்டர் பெண் கேட்டார்: வீட்டில் ஈரம் உண்டா, பூஞ்சணம் உண்டா? பரஞ்சோதி எல்லாவற்றையும் சொன்னார், பெயிண்டின் பெயர் உட்பட. டாக்டர் கேட்டுவிட்டு, "மேல பெயிண்ட் அடிச்சா உள்ள இருக்கிறது செத்துடாது அங்கிள். இவங்க அந்த வீட்ல இருக்கக் கூடாது" என்றார். வேறு வீடு என்றால் யான் என்ற ஊரில் இருந்தது. தேவகியின் தங்கை நளினி அங்கே இருக்கிறாள். அவள் வீட்டுக்கு அடுத்து, நாலு பக்கமும் ஜன்னல் வைத்த ஒரு தரை வீடு காலியாக இருந்தது. போய்விடலாம். ஆனால் ஒப்பந்தத்தில் இன்னும் பதின்மூன்று மாதம் பாக்கி. பாதியில் போனால் முன்பணம் போகும், மிச்ச மாத வாடகையும் தலையில் விழும் என்று பத்தாம் பக்கத்தில் எழுதியிருந்தது. ஓய்வு பெற்றவரின் கையில் இரண்டு வீட்டு வாடகைக்கு வழியில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபத்தில் இலவசச் சட்ட ஆலோசனை நடந்தது. நீள மேசைக்குப் பின்னால் காஞ்சனா என்ற வக்கீல் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். ஒப்பந்தத்தின் பதினொரு பக்கத்தையும் அவள் படித்து முடிக்கும்வரை பரஞ்சோதி, அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியின் ஆடும் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாடகை வீட்டுக்குன்னு தனிச் சட்டம் நம்ம நாட்டுல இன்னும் வரலை அங்கிள்" என்றாள் அவள். "நீங்க கையெழுத்துப் போட்ட இந்த ஒப்பந்தம், அப்புறம் பொதுவான ஒப்பந்தச் சட்டம், ரெண்டும்தான் பேசும். பயப்படாதீங்க, இதுல ஒரு கதவு இருக்கு. பைப்பு, கூரை, சுவரெல்லாம் சரியா வச்சிருக்கிறது வீட்டுக்காரர் பொறுப்புன்னு போட்டிருக்கு. நீங்க எழுத்துல சொல்லணும். சொன்ன நாள்லேர்ந்து பதினாலு நாளுக்குள்ள அவர் சரி பண்ணலைன்னா, ஒரு மாச நோட்டீஸ் கொடுத்துட்டு நீங்க வெளியாகலாம். முன்பணமும் திரும்ப வரணும்."

"நான்தான் எட்டு மாசமா சொல்றேனேம்மா."

"வாயால சொன்னீங்க. எழுதிக் கொடுத்தீங்களா?"

பரஞ்சோதி இல்லை என்று தலையை ஆட்டினார்.

"பரவால்ல. போட்டோ இருக்கா?"

இந்தக் கேள்விக்கு அவர் முகம் மலர்ந்தது. வேலை முடிந்ததும் படம் எடுத்து மேலே அனுப்ப வேண்டும் என்பது தொழிற்சாலைப் பழக்கம். ஓய்வு பெற்ற பிறகும் கை விடவில்லை. போனை நீட்டினார். காஞ்சனா விரலால் தள்ளிக்கொண்டே போனாள். இருபத்து மூன்று படம். இருபத்து மூன்றிலும் சுவர் பளிச்சென்று இருந்தது.

"அங்கிள், எங்க வீட்டுச் சுவர்கூட இவ்ளோ நல்லா இல்லையே" என்றாள். "கெட்டுப்போனப்ப எடுத்த படம்?"

"கெட்டுப்போனத யாராவது படம் எடுப்பாங்களாம்மா?"

தேவகி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். காஞ்சனா சிரிக்கவில்லை. பேனாவை வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "இப்ப இந்த நிலைமையில வீட்டுக்காரர் ஒரு ஆளைக் கூட்டிட்டு வந்து பாத்தா, வீடு நல்லாத்தானே இருக்குன்னு சொல்லிடுவார். நமக்கு வாய் இருக்காது. அதனால நான் சொல்றபடி செய்யுங்க. நானே கடிதம் எழுதித் தரேன். ரெண்டு காப்பி. ஒண்ணை அவர் கையில கொடுத்து, இன்னொண்ணுல கையெழுத்து வாங்குங்க. வாடகையை நிறுத்தாதீங்க, நிறுத்தினா தப்பு உங்க பக்கம் ஆயிடும். தினமும் ஒரு படம் எடுங்க. அந்தப் பதினாலு நாளும் சுவரைத் தொடக் கூடாது. துடைக்கக்கூடக் கூடாது."

"துடைக்கக்கூடவா?"

"ஆமா. இன்னொரு வழியும் இருக்கு. ரெண்டு பேரும் மனசு ஒத்து, ஒப்பந்தத்தை இத்தோட முடிச்சுக்கிறோம்னு கையெழுத்துப் போட்டா அதுவே போதும், வேற காரணமே வேணாம்தான். ஆனா அவர் ஒத்துக்கணுமே. ஆன்ட்டியை இன்னைக்கே தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிடுங்க."

தேவகியை யானில் விட்டுவிட்டு வந்தார். அடுத்தது கடிதம். இங்கேதான் மனிதர் தடுமாறினார்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குக் கடிதம் என்றால் என்ன என்று வெளியில் இருப்பவர்களுக்குச் சொன்னால் புரியாது. கெட்டது எதுவும் வாயால் வராது. தோட்டத்துக் கணக்கர் கெரானியின் கையில் ஒரு தாளாகத்தான் வரும். வேலையிலிருந்து நிறுத்தினால் தாள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டைக் காலி செய் என்றால் தாள். பரஞ்சோதியின் அப்பாவுக்கு ஒன்று வந்தது, பரஞ்சோதிக்கு ஒன்று வந்தது. பேசிப் பழகிய மனிதனுக்குத் தாள் நீட்டுவது என்றால், இத்தோடு நீயும் நானும் ஒன்றுமில்லை என்று சொல்வதாக அவர் மனதில் பதிந்திருந்தது. நூர்தீனின் கடையில் உட்கார்ந்து முதல் நாள் ஒரு தே தாரேக் குடித்தார், கடிதம் சட்டைப் பையிலேயே திரும்பி வந்தது. இரண்டாம் நாள் ரொட்டிச் சானாயும் சேர்த்துச் சாப்பிட்டார், அன்றும் திரும்பி வந்தது. நூர்தீன் காசு வாங்க மறுத்தது வேறு அவரை வதைத்தது.

அன்று மாலை தேவகி போனில், "கொடுத்தீங்களா?" என்று கேட்டாள். மென்று விழுங்கினார். அவள் திட்டியிருந்தால் சமாளித்திருப்பார். "சரி, நாளைக்குக் குடுங்க. இங்க காத்து நல்லா இருக்கு" என்று மட்டும் சொன்னாள். மூன்றாம் நாள் அவர் எதுவும் குடிக்காமல் நேராகக் கல்லாவுக்குப் போய்க் கடிதத்தை நீட்டினார்.

நூர்தீன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பாதியைப் படித்தார். முகம் சுண்டிப்போனது.

"எனக்கே கடிதாசியா தம்பி? வக்கீல் கடிதாசி?"

"இல்லண்ணே, அது வந்து, முறைப்படி..."

"நான் என்ன உங்களை வெரட்டினேனா? வாடகையைக் கூட்டினேனா? ரெண்டு தடவ வந்து பாத்தேன், சுவர் நல்லாத்தான் இருந்துச்சு." இன்னொரு காப்பியில் படபடவென்று கையெழுத்துப் போட்டார். "சரிலா. போங்க. பாக்குறேன்."

அதற்குப் பிறகு அவர் பார்க்கவே இல்லை. தாள் கொடுத்தவன் காத்திருக்கட்டும் என்று அவருக்கும் ரோஷம்.

பரஞ்சோதி காத்திருந்தார். முதல் நாள் ஈரம் உள்ளங்கை அளவு. இரண்டாம் நாள் ஒரு தட்டு அளவு. சமைப்பதும் குளிப்பதும் போக மிச்ச நேரமெல்லாம் அந்த அறைக்குப் போய்ப் போய் வந்தார். ஐந்தாம் நாள் பெயிண்ட் கொப்பளித்துத் தொங்கியது. தொங்கும் அந்தத் தோலை ஒரு விரலால் உரித்துவிடலாம். விரல் போகும், இவர் இழுத்துக்கொள்வார். கடைசியில் சுரண்டும் கத்தி, பிரஷ், பெயிண்ட் டப்பா எல்லாவற்றையும் காடியின் பின்பெட்டியில் போட்டுப் பூட்டினார். தினமும் ஒரு படம் எடுத்துக் காஞ்சனாவுக்கு அனுப்பினார். "சூப்பர் அங்கிள்" என்று பதில் வந்தது. அசிங்கத்தைப் படம் எடுத்து அனுப்பிப் பாராட்டு வாங்குவது அவர் வாழ்க்கையில் இதுதான் முதல் முறை.

பத்தாம் நாள் கறுப்பு தோள் உயரத்துக்கு ஏறிவிட்டது. அறையைத் திறந்தால் நனைந்த சாக்கு வாடை.

பன்னிரண்டாம் நாள் பிற்பகல் நூர்தீனிடமிருந்து போன் வந்தது. "நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வரேன்" என்றார். அவ்வளவுதான், வைத்துவிட்டார்.

ஒரு மனிதர் வீட்டுக்கு வருகிறார். அதுவும் வீட்டுக்காரர், மூத்தவர். பரஞ்சோதியின் கைகால்கள் அவரைக் கேட்காமலே வேலையைத் தொடங்கிவிட்டன. கூடத்தைப் பெருக்கினார். ஜன்னல் கம்பி துடைத்தார். கழிவறையைத் தேய்த்தார். மைலோ இருக்கிறதா என்று டப்பாவை ஆட்டிப் பார்த்தார். பிறகு கீழே இறங்கி, காடியின் பின்பெட்டியைத் திறந்து, பெயிண்டையும் பிரஷையும் எடுத்துக்கொண்டு மூன்று மாடியும் ஏறி வந்தார். நம்ப முடியவில்லை, இல்லையா? எனக்கும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. பன்னிரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவர், விருந்தாளி வருகிறார் என்றதும் வக்கீல் சொன்னது, ஒப்பந்தம், எல்லாவற்றையும் மறந்துவிட்டார்.

மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு சுரண்டினார், பிளீச்சால் கழுவினார், காற்றாடியைத் திருப்பி வைத்தார். ஐந்து மணிக்கு ஓரளவு காய்ந்ததும் இடது கோடியிலிருந்து வெள்ளையை இழுத்துக்கொண்டு வந்தார். சுவரின் பாதிக்கு வந்தபோது தொண்டை கமறியது. இருமினார். துண்டை அவிழ்த்துவிட்டு இருமினார். நின்றபாடில்லை. அங்கேயே விட்டிருந்த கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து, கண்ணில் நீர் வர, ஒரு வாய் காற்றுக்காகத் தோளைத் தூக்கினார்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நன்றாக இருக்கும் நெஞ்சுக்கே இப்படி என்றால், அவள் எட்டு மாதம் இதற்குள் இருந்திருக்கிறாள்.

தோட்டத்தில் துரை லயத்தைப் பார்வையிட வரும் நாள் அவர் நினைவுக்கு வந்தது. முதல் நாளே எல்லோரும் சாணி தெளித்து, சுண்ணாம்பு அடித்து, ஓட்டைக் கூரையின் கீழ் இருக்கும் வாளிகளைக் கொல்லைப் பக்கம் மறைத்துவிடுவார்கள். துரை வருவார், வெள்ளைச் சுவரைப் பார்ப்பார், "வெரி குட்" என்பார். கூரை ஓட்டையாகவே இருக்கும். தொழிற்சாலையிலும் ஆடிட் வரும் வாரம் தரைக்கு மஞ்சள் கோடு புதிதாக அடிப்பார்கள். வருகிறவன் முன்னால் குறை தெரியக் கூடாது என்று ஓர் ஊரே இவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. நூர்தீன் வந்த இரண்டு முறையும் குறையை மறைத்தது நூர்தீன் அல்ல. தேவகியை இந்த வீட்டில் பிடித்து வைத்திருந்தது பைப்பும் அல்ல. தன் கை. தன் இந்த நல்ல வேலைக்காரக் கை. பரஞ்சோதிக்கு அழுகை வந்தது. பிரஷைத் தண்ணீரில் போட்டுவிட்டு, பாதிச் சுவரை அப்படியே விட்டுக் கதவைச் சாத்தினார்.

மறுநாள் பத்து மணிக்கு நூர்தீன் வந்தார். வந்த கோபத்திலேயே செருப்பைக் கழற்றினார். "எங்க, காட்டுங்க" என்றார். பரஞ்சோதி அறையைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றார்.

சுவரில் இடது பாதி வெள்ளை வெளேரென்று இருந்தது. வலது பாதியில் கறுப்பும் பச்சையும் தோள் உயரத்துக்கு ஏறி, பெயிண்ட் தோல் தோலாகத் தொங்கியது. நூர்தீன் இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவே பிரஷ் நின்ற இடத்தில் கோடு கோணலாக இறங்கியிருந்தது. அவர் சட்டைத் தோளால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"யா அல்லா. இதுக்கு மேலதான் பெயிண்ட் அடிச்சு வச்சிருந்தீங்களா, நான் வர்றப்பெல்லாம்?"

"ஆமாண்ணே. நேத்தும் அடிச்சேன். பாதியில நிறுத்திட்டேன்."

"ஏன்ப்பா? எதுக்கு அடிச்சீங்க?"

"நீங்க வர்றீங்கன்னு" என்றார் பரஞ்சோதி.

நூர்தீனுக்குச் சிரிப்பதா கோபப்படுவதா என்று தெரியவில்லை. கூடத்துக்கு வந்து உட்கார்ந்தார். சுற்றிலும் பார்த்தார். "தங்கச்சி எங்க? காணோமே?"

எட்டு மாதத்தில் தேவகியின் நோயைப் பற்றி பரஞ்சோதி இவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பெண்டாட்டி நோயைச் சொல்லி ஒருவரிடம் சலுகை கேட்பது கை நீட்டிப் பிச்சை கேட்பது போல என்று நினைத்திருந்தார். இப்போது ஜோடித்துச் சொல்லவும் மறைத்துச் சொல்லவும் அவரிடம் எதுவும் இல்லை.

"யான்ல விட்டிருக்கேண்ணே. அவளால மூச்சு விட முடியல. போன மாசம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனேன். செத்துப் போயிருவான்னு நெனச்சேன்."

நூர்தீன் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, "இதை ஏன் தம்பி என்கிட்ட முதல்லயே சொல்லல?" என்றார். குரலில் கோபம் இல்லை. "கடிதாசியில பைப்புன்னு இருந்துச்சு, சுவருன்னு இருந்துச்சு. பாதிக்கு மேல நான் படிக்கவும் இல்ல. தங்கச்சிக்கு முடியலைன்னு ஒரு வார்த்தை கடையில வந்து சொல்லியிருந்தா, டைல்ஸாவது மண்ணாவதுன்னு அன்னைக்கே ஒடைச்சிருப்பேனே."

"தப்புதாண்ணே."

"என் மேலயும் தப்பு இருக்கு. ரெண்டு தடவ வந்தேன், சுவரைத் தொட்டே பாக்கல." எழுந்து போய் அந்தக் கோணல் கோட்டை இன்னொரு முறை பார்த்துவிட்டு வந்தார். "இதை ஒடைச்சுக் காய வைக்கவே ரெண்டு மாசம் ஆகும். அதுவரைக்கும் தங்கச்சி இங்க வரக் கூடாது. பேனா இருக்கா?"

வக்கீல் கடிதத்தின் பின்புறத்திலேயே நூர்தீன் எழுதினார். ஒப்பந்தத்தை இருவரும் மனம் ஒத்து இந்த மாதக் கடைசியோடு முடித்துக்கொள்கிறோம், முன்பணம் முழுதும் திருப்பித் தரப்படும், ஒருவரிடம் ஒருவருக்குக் கோரிக்கை எதுவும் இல்லை. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். பரஞ்சோதி அதைப் படம் எடுத்துக் காஞ்சனாவுக்கு அனுப்பினார். "இது போதும் அங்கிள், பதினாலாவது நாள்கூடத் தேவையில்ல" என்று உடனே பதில் வந்தது. மைலோவைக் குடித்துவிட்டுக் கிளம்பும்போது நூர்தீன், "மிச்சச் சுவருக்கு நீங்க பெயிண்ட் அடிக்கப் போறீங்க, எனக்குத் தெரியும். அடிச்சீங்கன்னா இந்தக் கடிதாசி செல்லாது" என்று மிரட்டிவிட்டுப் போனார்.

பரஞ்சோதி அன்று மதியமே யானுக்குப் போனார். நளினி வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு தேவகி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பின்னால் ஜெராய் மலை, முன்னால் வயல். பதினைந்து நாளில் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. கையெழுத்துப் போட்ட தாளைக் காட்டினார். அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "சுவரைத் தொட்டீங்களா?" என்று கேட்டாள்.

"பாதி" என்றார். எல்லாவற்றையும் சொன்னார். இருமியதையும் அழுததையும்கூடச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "உனக்கு எப்பலேர்ந்து இப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

தேவகி கீரைத் தண்டை ஒடித்துக்கொண்டே இருந்தாள். "முதல் தடவ பெயிண்ட் அடிச்சப்பவே" என்றாள். "அந்த வாடையும் அந்தச் சுவரும் எனக்கு ஒத்துக்கல."

"அப்ப நல்லா இருக்குன்னு சொன்னியே? அஞ்சு தடவையும் சொன்னியே?"

"வேர்த்து விறுவிறுத்து அடிச்சு முடிச்சுட்டு, எப்படின்னு கேட்டு என் மொகத்தையே பாத்துட்டு நிப்பீங்க. அந்த மொகத்தைப் பாத்துட்டு எப்படிங்க நல்லா இல்லன்னு சொல்றது?"

அவர் சுவரை மூடினார், இவள் நெஞ்சை மூடிக்கொண்டாள். ஒருவர் சந்தோஷத்துக்காக இன்னொருவர், அதற்கு விலையாக ஒருத்தியின் மூச்சு. அவள் கையிலிருந்த கீரைக் கட்டை வாங்கிக் கீழே வைத்தார்.

"இனிமே நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னு சொல்லு தேவகி. எனக்கு மொகம் வாடினாலும் சொல்லு."

"எல்லாத்துக்குமா?"

"எல்லாத்துக்கும்."

அவள் யோசித்தாள். "உங்க மீசை" என்றாள். "முப்பத்தாறு வருஷமா நல்லாவே இல்ல."

சொல்லிவிட்டுத் தானே சிரித்தாள், தோள் குலுங்க, தலை பின்னால் சாய, உள்ளே இருந்த நளினி எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். இத்தனை மாதமாக அவள் சிரிப்பு எதுவும் இருமலில்லாமல் முடிந்ததில்லை. பரஞ்சோதி தன்னை அறியாமல் எழுந்து, பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் செம்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அந்த இருமலுக்காகக் காத்து நின்றார். தேவகி சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூச்சை இழுத்துவிட்டாள். "என்னங்க நிக்கிறீங்க?" என்று கேட்டாள்.